மலிவு இணைய அழைப்பு ஒரு தொழிலாக நிற்குமா: கூடலூர்க் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இணையம் வழியாக மிகக் குறைந்த கட்டணத்தில் வெளிநாட்டுக்குப் பேச வழிசெய்யும் சேவைகள் கடந்த முப்பது ஆண்டுகளில் எத்தனையோ தோன்றின. அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. தொழில்நுட்பம் போதவில்லை என்றும், பெரிய நிறுவனங்கள் நெருக்கிவிட்டன என்றும் அதற்குக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. நீலகிரி மாவட்டம் கூடலூரில் இத்தகைய சேவையை நம்பி நடந்த ஒரு கடைக்குப் பல ஆண்டுகள் கணக்கு எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில், காரணம் வேறிடத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். மலிவு அழைப்பை விற்பவரிடம் விலையை முடிவு செய்யும் அதிகாரம் எந்த நாளிலும் இருந்ததில்லை. அழைப்பு எந்த நாட்டில், எந்த நிறுவனத்தின் தொலைபேசியில் போய் ஒலிக்கிறதோ, அந்த நாட்டின் விதியும் அந்த நிறுவனமுமே விலையை வைக்கின்றன. கொய்த பச்சைத் தேயிலைக்குத் தொழிற்சாலை சொல்வதே விலை என்று நிற்கும் சிறு விவசாயியின் நிலைக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

கடையின் பெயரையும் உண்மையான தொகைகளையும் வெளியிட உரிமையாளர் விரும்பவில்லை. ஆகவே கீழே வரும் கடைக் கணக்கில் உள்ள தொகைகள், தொழிலின் இயக்கத்தை விளக்குவதற்காக நான் முழு எண்களாக வைத்துக்கொண்டவை. தொலைத்தொடர்பு விதிகள், பெரிய நிறுவனங்கள் பற்றிய ஆண்டுகளும் எண்களும் பொதுப்பதிவில் உள்ளவை.

கடையும் அதற்கு வந்தவர்களும்

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பிறகு இலங்கையின் மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி வட்டாரங்களில் பெருமளவில் குடியமர்ந்தன. அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ என்ற நிறுவனமாயிற்று. ஒப்பந்தம் ஆட்களை எண்ணிப் பிரித்ததேயன்றிக் குடும்பங்களைப் பார்க்கவில்லை. அண்ணன் தேவாலாவிலும் தங்கை ஹட்டனிலும், தாய் நாடுகாணியிலும் மகள் நுவரெலியாவிலும் இருந்த வீடுகள் ஏராளம். கடிதம் போய்வர வாரங்கள் ஆன காலத்தில், சாவுச் செய்தி காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்வது வழக்கமாக இருந்தது.

இவர்களோடு, கேரளத்தின் வயநாடும் மலப்புறமும் ஒட்டிய வட்டாரம் என்பதால், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களின் குடும்பங்களும் கூடலூரில் கணிசம். ஆக, வெளிநாட்டுக்குப் பேச வேண்டிய தேவை இந்தச் சிறிய மலை நகரில் வசதி படைத்தவர்களின் தேவையாக இருக்கவில்லை. நாட்கூலிக்காரர்களின் தேவையாக இருந்தது. இந்த ஆய்வில் நான் அக்கறை கொள்வதற்கு அதுவே முதற்காரணம்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவில் அந்தக் கடை எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்தாகத் தொடங்கியது. 2002 மார்ச் 31 வரை வெளிநாட்டு அழைப்புகள் அனைத்தும் வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் தனியுரிமையாக இருந்தன. கூடலூரிலிருந்து ஹட்டன் டெல்லியைவிட மிக அருகில் இருக்கிறது. ஆனால் அங்கே பேச டெல்லிக்கு ஆவதைப்போலப் பல மடங்கு செலவானது. மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசிய பெண்கள், பேச வேண்டியதில் பாதியைச் சொல்லாமல் ரிசீவரை வைத்துவிட்டுப் போனதை உரிமையாளர் பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். 2002 ஏப்ரல் 1 முதல் உரிமம் பெற்ற இணைய நிறுவனங்கள் கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு வழங்கலாம் என்று அரசு அனுமதித்தது. உள்நாட்டுத் தொலைபேசிக்கு அப்படி அழைக்க அனுமதி இல்லை. 2005இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் சேவை தொடங்கி, சில ஆண்டுகளில் அது மலையிலும் கிடைக்கத் தொடங்கிய பின், உரிமையாளர் நான்கு தடுப்பறைகள் அமைத்து, ஒரு நிறுவனத்திடம் மொத்தமாக நிமிடங்களை வாங்கிச் சில்லறையாக விற்கும் முகவரானார். தோட்டத்து மக்கள் அதை நெட் போன் என்றார்கள்.

ஒரு நிமிடத்தின் கணக்கு

மொத்த விலையில் இலங்கைக்கு ஒரு நிமிடம் 5 ரூபாய்க்கு வாங்கி 6 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு தடுப்பறைகளிலும் சேர்த்து நாளொன்றுக்கு 6 மணி நேரம், அதாவது 360 நிமிடங்கள், உண்மையாகப் பேச்சு நடந்தால் நாள் லாபம் 360 ரூபாய். மாதம் 26 நாட்களுக்கு 9,360 ரூபாய். கடை வாடகை 3,000, உதவியாளர் சம்பளம் 4,000, இணைய இணைப்பு 1,500, மின்சாரமும் பேட்டரித் தேய்மானமும் 1,000 என்றால் செலவு 9,500. வரிக்கு முன்பே கடை நட்டத்தில் நிற்கிறது.

இருந்தும் கடை நடந்தது. உரிமையாளர் குடும்பம் நடத்தினார். கணக்கைத் துருவியபோது அதற்கான விடை கிடைத்தது. மொத்த விற்பனை நிறுவனம் நொடிக் கணக்கில் பணம் பிடித்தது. கடையோ, பூத்துகளின் பழைய வழக்கப்படி, முழு நிமிடக் கணக்கில் வாங்கியது. சராசரி அழைப்பு 4 நிமிடம் 20 நொடி என்று கொண்டால், கடை 5 நிமிடத்திற்கு 30 ரூபாய் வாங்கி, நிறுவனத்திற்கு 21 ரூபாய் 67 காசு செலுத்தும். ஓர் அழைப்பின் லாபம் 4 ரூபாய் 33 காசாக இருக்க வேண்டியது 8 ரூபாய் 33 காசாகிறது. 360 நிமிடங்கள் என்பது ஏறத்தாழ 83 அழைப்புகள். நாள் லாபம் 690 ரூபாயைத் தாண்டும், மாதம் 18,000 ரூபாயை நெருங்கும். வாடிக்கையாளர் பேசாத நொடிகளே கடையின் லாபத்தில் பாதி. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. விலைப்பலகையில் நிமிடக் கணக்கு என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் மலிவு அழைப்பு என்ற தொழில் அழைப்பில் சம்பாதிக்கவில்லை என்பதை உரிமையாளரும் அந்தக் கணக்கைப் பார்க்கும் வரை உணர்ந்திருக்கவில்லை.

2009இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு காசு என்ற திட்டத்தோடு வந்தது. மற்ற கைபேசி நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அது உள்நாட்டு அழைப்புகளுக்கான போட்டி. இலங்கைக்குப் பேசுகிறவருக்கும் நெட் போனுக்கும் நேரடித் தொடர்பு இல்லாதது. இருந்தாலும் பேசிய நொடிக்கு மட்டும் பணம் என்பதை மக்கள் ஒருமுறை பழகிய பின், "அண்ணே, நாலு நிமிசம்தானே பேசினேன், அஞ்சுக்கு ஏன் எடுக்கிறீங்க?" என்ற கேள்வி தடுப்பறை வாசலில் தினமும் எழுந்தது. உரிமையாளர் அரை நிமிடக் கணக்குக்கு இறங்கினார். அந்த ஒரு மாற்றத்திலேயே, மேலே வைத்த எடுத்துக்காட்டின்படி, அழைப்புக்குக் கிடைக்கும் லாபம் 8 ரூபாய் 33 காசிலிருந்து 5 ரூபாய் 33 காசாகக் குறையும்.

வருமானத்தைத் தின்ற வேறு சில சிறு கசிவுகளும் இருந்தன. அழைப்பை எதிர்நாட்டுக்குக் கொண்டுசெல்லும் மலிவான வழித்தடங்களில், எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு தொடங்கிவிட்டதாகக் கணினி பதிவு செய்துவிடும். நிறுவனம் பணம் பிடிக்கும், எடுக்கப்படாத அழைப்புக்கு வாடிக்கையாளர் கொடுக்க மாட்டார், அது நியாயமும்கூட. குரல் பாதியில் அறுந்தால் திரும்ப இணைத்துத் தர வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் நாட்கணக்கில் இணைப்பு இருக்காது; வாடகையும் சம்பளமும் அதற்காக நிற்பதில்லை. 2008க்குப் பின் சில ஆண்டுகள் தமிழ்நாடு முழுவதும் நிலவிய மின்வெட்டில் பேட்டரிகள் சீக்கிரம் தீர்ந்தன. தொழில்நுட்பம் தன்னளவில் போதுமானதாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜி.729 என்ற சுருக்க முறையில் குரலுக்கு நொடிக்கு 8 கிலோபிட் ஆகும். குரல் சிறு சிறு பொட்டலங்களாகச் செல்லும்போது ஒவ்வொன்றிலும் ஒட்டப்படும் முகவரித் தலைப்புகளைச் சேர்த்தால் ஒரு திசைக்கு ஏறத்தாழ 24 கிலோபிட். நான்கு தடுப்பறைகளுக்கு 100 கிலோபிட் போதும் என்பதால், அன்றைய சாதாரண பிராட்பேண்டே தாங்கியது. குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல். மழையற்ற நாட்களில் கூடலூரிலிருந்து பேசியவர்கள் குரலைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

ஐந்து ரூபாய் எங்கே போனது

வாங்கும் விலையான அந்த 5 ரூபாய் யாருக்குப் போனது என்பதே இந்த ஆய்வின் நடுப்புள்ளி. குரல் இணையத்தில் கடல் கடந்து செல்வதற்கு ஆகும் செலவு காசுக் கணக்கில் மிகச் சிறியது. பெரும்பகுதி, அழைப்பைத் தன் வலைப்பின்னலில் வாங்கி வாடிக்கையாளரின் தொலைபேசியில் ஒலிக்கச் செய்யும் எதிர்நாட்டு நிறுவனத்திற்குச் செல்கிறது. டெர்மினேஷன் கட்டணம் என்று தொழிலில் இருப்பவர்கள் குறிப்பிடுவது இதைத்தான். அமெரிக்காவில் இது ஏற்கெனவே குறைவு. 2011இல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்கள் ஒன்றிடம் ஒன்று வாங்கும் இக்கட்டணத்தைப் படிப்படியாக நீக்க ஆணையிட்டது. இலங்கைக்கும் ஐக்கிய அரபு அமீரகத்திற்கும் அது அமெரிக்காவைவிடப் பல மடங்கு அதிகம். எனவே உலகம் முழுவதும் விளம்பரப்படுத்தப்பட்ட மிக மலிவான இணைய அழைப்புகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பேசுகிறவர்களுக்கே உண்மையில் மலிவாக இருந்தன. கொடைக்கானலிலோ உதகையிலோ தங்கிப் படித்துக்கொண்டு, அமெரிக்காவில் உள்ள பெற்றோரிடம் பேசிய பிள்ளைக்குக் கிடைத்த சலுகை, நுவரெலியாவில் உள்ள மகளிடம் பேச வந்த தோட்டத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. எந்தக் கடையும் எந்தச் செயலியும் தன் திறமையால் இதை மாற்ற முடியாது.

அப்படியானால் சில நிறுவனங்கள் எப்படி மற்றவர்களைவிடப் பாதி விலைக்கு விற்றன? இங்கேதான் விதிகளுக்கிடையேயான இடைவெளி வருகிறது. இந்தியாவையே எடுத்துக்கொள்ளலாம். 2015 மார்ச் முதல் உள்நாட்டுக் கைபேசி அழைப்புக்கு டெர்மினேஷன் கட்டணம் நிமிடத்திற்கு 14 காசு. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு 53 காசு. இரண்டு அழைப்புகளையும் கைபேசியில் ஒலிக்கச் செய்ய ஆகும் வேலை ஒன்றுதான். வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியாகக் கொண்டுவந்து, நூற்றுக்கணக்கான சிம் அட்டைகள் செருகிய சிம் பாக்ஸ் கருவியால் உள்நாட்டு அழைப்பாக மாற்றிவிட்டால் இடையிலுள்ள 39 காசும், சிம் திட்டங்களின் சலுகையும் இடைத்தரகருக்கு. 2017 அக்டோபரில் உள்நாட்டுக் கட்டணம் 6 காசாயிற்று. 2018 பிப்ரவரியில் வெளிநாட்டு அழைப்புக்கானது 30 காசாயிற்று. 2020 மே முதல் வெளிநாட்டு அழைப்புக்கு 35 முதல் 65 காசு வரை நிறுவனங்களே வைத்துக்கொள்ளலாம் என்றானது. 2021 ஜனவரி 1 முதல் உள்நாட்டுக் கட்டணம் முற்றாக நீங்கியது. இடைவெளி மூடவில்லை, அதனால்தான் சிம் பாக்ஸ் வைத்திருப்போர் கைதாகும் செய்திகளும் நிற்கவில்லை. இது குற்றம் மட்டுமல்ல. அழைப்பவரின் எண் மாறி வருவதால், அயல்நாட்டு மோசடிக்காரரின் அழைப்பு உள்ளூர் எண்ணாகத் தோன்றி ஏழைகளின் வங்கிக் கணக்கைக் காலிசெய்யவும் இதே வழி பயன்படுகிறது.

ஒவ்வொரு நாட்டிலும் இத்தகைய இடைவெளி ஏதாவது ஒரு வடிவில் இருக்கிறது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், சேவை நடத்துபவர் ஏதோ ஓர் இடைவெளியில் நிற்கிறார் என்று கொள்ளலாம். விதி மாறும் நாளில், அல்லது வழித்தடம் பிடிபடும் நாளில், அவர் நிமிடங்களை வாங்கும் விலை ஒரே இரவில் இரட்டிப்பாகும். கூடலூர்க் கடைக்கு நிமிடங்களை விற்ற நிறுவனத்தின் விலைப்பட்டியல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே வாரத்தில் இருமுறை ஏறிய மாதங்கள் உண்டு. விலைப்பலகையை மாற்றி எழுதும் செலவுக்குப் பயந்தே உரிமையாளர் சில நாள் நட்டத்திற்கு விற்றிருக்கிறார்.

பெரியவர்களின் அனுபவம்

கூடலூரில் நடந்தது சிறிய கடையின் திறமைக்குறைவு அன்று என்பதைக் காட்ட, பெருமுதலோடு இதே தொழிலில் இறங்கியவர்களைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் டயல்பேட் 1999இல் விளம்பர வருமானத்தை நம்பித் தொலைபேசிக்கு இலவச அழைப்பு கொடுத்தது. விளம்பரச் சந்தை சரிந்ததும் 2001இல் திவால் பாதுகாப்பைத் தேடியது. சன்ராக்கெட் ஆண்டுக்கு 199 டாலரை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வரம்பற்ற அழைப்பு கொடுத்தது. இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருந்தும் 2007 ஜூலையில் மூடப்பட்டது. வாடிக்கையாளர் எண்ணிக்கை பெருகப் பெருக நட்டமும் பெருகும் அமைப்பு அது.

மேஜிக்ஜாக் இவற்றினும் நீடித்தது. 2007இல் வந்த, கணினியில் செருகித் தொலைபேசியை இணைக்கும் அதன் கருவியை 40 டாலருக்குள் வாங்கினால் முதலாண்டு அழைப்பும் சேர்ந்தே கிடைத்தது. பின்னர் ஆண்டுக்கு 20 டாலர். அது நின்றதன் இரகசியம், அதன் துணை நிறுவனம் உள்ளூர்த் தொலைபேசி நிறுவனமாகப் பதிவு பெற்று, தன் வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கையாளுவதற்காகப் பிற நிறுவனங்களிடம் கட்டணம் வசூலித்ததில் ஒரு பகுதி இருந்தது. பெரிய தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்டு டி. அதை எதிர்த்தது, 2011இல் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் ஏ.டி. அண்டு டி.க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இங்கும் வருமானம் நின்ற இடம் விதியின் இடைவெளிதான். வாடிக்கையாளர் கொடுத்த 20 டாலர் அதன் ஒரு பகுதியே.

ஸ்கைப் தனியாகப் பார்க்கத் தக்கது, ஏனென்றால் இத்தொழிலில் அதைவிடப் பெரிய பெயர் எவருக்கும் வாய்க்கவில்லை. 2003இல் தொடங்கி, 2005இல் ஈபேயால் 260 கோடி டாலருக்கு வாங்கப்பட்டு, இரண்டே ஆண்டில் அந்த மதிப்பில் ஒரு பெரும் பங்கை ஈபே நட்டமாக எழுதித் தள்ளியது. 2010இன் முதல் அரையாண்டில் மாதந்தோறும் சராசரியாக 12.4 கோடிப் பேர் அதைப் பயன்படுத்தினர். பணம் கொடுத்தவர்கள் 81 லட்சம் பேர் மட்டுமே. நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. கணினிக்குக் கணினி பேசுவது இலவசம் என்பதால் வந்த பெருங்கூட்டத்தில் சிறு பங்கினர் தொலைபேசிக்கும் அழைத்தார்கள். அந்தச் சிறு பங்கினரின் பணமே நிறுவனத்தை நடத்தியது. மைக்ரோசாஃப்ட் 2011இல் 850 கோடி டாலர் கொடுத்து வாங்கி, 2025 மே மாதம் சேவையையே நிறுத்தியது. கூட்டத்தைச் சேர்க்க இவ்வளவு முதல் செலவழிக்க முடிந்தவர்களுக்கே இப்படியென்றால், கூட்டமே இல்லாமல் நிமிடத்தை மட்டும் விற்கும் சிறு நிறுவனத்திற்கு என்ன இடம் இருக்கிறது என்பதை நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

முன்பணம்

அழைப்பில் லாபம் இல்லாதபோதும் இத்தொழிலில் புதியவர்கள் தொடர்ந்து இறங்குவதற்கு முன்பணமே காரணம். முன்பணம் கட்டிப் பின்னர் பேசித் தீர்க்கும் அட்டையான காலிங் கார்டை வாங்குபவர் 100 ரூபாயை இன்று கொடுக்கிறார். அதைப் பல வாரங்களில் பேசித் தீர்க்கிறார். முகவரும் நிறுவனத்திற்கு முன்கூட்டியே கட்டுகிறார். நிறுவனம் தன் வழித்தடக்காரருக்குப் பின்னால் செலுத்துகிறது. விற்பனை வளரும் வரை கையில் எப்போதும் பிறர் பணம் இருக்கும். அடக்க விலைக்குக் கீழே விற்றாலும் பல மாதங்கள் வண்டி ஓடும். காலாவதித் தேதி தாண்டிய கார்டில் மிஞ்சும் பேலன்சும் நிறுவனத்திற்கே. வளர்ச்சி நின்ற மாதத்தில்தான் உள்ளே பணமில்லை என்பது வெளியே தெரிகிறது.

கூடலூர்க் கடைக்கு அது ஒரு ஆடி மாதத்தில் நேர்ந்தது. நிறுவனத்தின் சர்வர் இணைப்பை ஏற்க மறுத்தது. தொலைபேசியில் எவரும் எடுக்கவில்லை. முகவர்களின் பேலன்ஸ் முழுவதும் போயிற்று. உரிமையாளர் தான் விற்ற கார்டுகளில் பயன்படுத்தாமல் கொண்டுவந்தவை அனைத்திற்கும் தன் கைப்பணத்திலிருந்து திருப்பிக் கொடுத்தார். சட்டப்படி அவர் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. அட்டையில் இருந்தது நிறுவனத்தின் பெயர். ஆனால் தோட்டத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்த பெண்ணுக்கு அந்த நிறுவனம் யாரென்று தெரியாது. அவளுக்குத் தெரிந்தது கடைக்காரர்தான். சிறு முகவரின் உண்மையான ஆபத்து இதுவே என்று நான் நினைக்கிறேன்: லாபத்தில் அவருக்குக் கிடைப்பது ஒரு ரூபாய், பொறுப்பில் அவர் தலையில் விழுவது நூறு ரூபாய்.

அதன் பின்னும் வேறு நிறுவனத்தின் நிமிடங்களோடு கடை சில காலம் நடந்தது. 2015இல் வாட்ஸ்அப் குரல் அழைப்பும், அடுத்த ஆண்டு நவம்பரில் காணொலி அழைப்பும் வந்தன. 2016 செப்டம்பர் 5இல் ஜியோ தொடங்கிய பின், உள்நாட்டு அழைப்புக்குத் தனியாகப் பணம் என்ற வழக்கமே மறைந்தது. தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லைன் வீடுகளில் சிக்னல் வந்துசேர மேலும் காலம் பிடித்தாலும், மேட்டில் ஏறி நின்றாவது தங்கையின் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தவர் 6 ரூபாய் கொடுத்துத் தடுப்பறைக்குள் ஏன் வருவார்? தொலைபேசி எண்ணுக்கே அழைக்க வேண்டியிருந்த சிலர் மட்டும் எஞ்சினர்: ஸ்மார்ட்போன் இல்லாத உறவினர்களை உடையவர்கள், தூதரகத்துக்கோ மருத்துவமனைக்கோ பேச வேண்டியவர்கள், வாட்ஸ்அப் அழைப்பு தடுக்கப்பட்டிருக்கும் அமீரகத்தில் பிள்ளைகள் உள்ளவர்கள். அவர்களை வைத்துக் கடை வாடகை கட்ட முடியாது. தடுப்பறைகள் பிரிக்கப்பட்டு, இடம் நகலெடுப்புக்கும் இணையவழி விண்ணப்பங்களுக்கும் ஆனது.

மகளின் திட்டம்

இந்த ஆய்வை எழுத நேர்ந்ததற்குக் காரணம் உரிமையாளரின் மகள். வணிகவியல் படித்து முடித்த அவர், ஓர் இணையத் தொலைபேசி நிறுவனம் அளித்த முகவாண்மைத் திட்டத்தோடு என்னிடம் வந்தார். ஆண்டுக்கு ஒரு தொகை கட்டினால் இந்தியா முழுவதும் வரம்பற்ற அழைப்பு. முகவர் ஒரு வைப்புத்தொகையும் குறிப்பிட்ட எண்ணிக்கை இணைப்புகளுக்கான பணமும் முன்கூட்டியே செலுத்த வேண்டும். மசினகுடியிலும் உதகையிலும் உள்ள தங்கும் விடுதிகளுக்கு விற்கலாம் என்பது அவர் எண்ணம்.

அவருக்கு நான் காட்டியவை இரண்டு கணக்குகள். 2017 அக்டோபரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்து, 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை தெளிவுபடுத்திய பின், உள்நாட்டு இணையத் தொலைபேசி சட்டப்படி வந்தது. ஆனால் தொலைபேசி வலைப்பின்னலோடு இணைக்கும் உரிமை, மக்களுக்கு நேரடியாகத் தொலைபேசி இணைப்பு தருவதற்கான அக்சஸ் உரிமம் பெற்றவர்களுக்கே. உடனே பி.எஸ்.என்.எல். விங்ஸ் என்ற செயலிச் சேவையை ஆண்டுக்கு 1,099 ரூபாய்க்கு வரம்பற்ற அழைப்போடு கொண்டுவந்தது. சொந்த வலைப்பின்னல் உள்ள அரசு நிறுவனம் வைத்த விலை அது. அதற்குக் கீழே வைத்து ஒருவர் முகவருக்குக் கழிவும் (கமிஷன்) கொடுக்கிறார் என்றால் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் கையெழுத்திடக் கூடாது. அடுத்தது, விடுதிக்காரரின் கைபேசியில் வரம்பற்ற அழைப்பு ஏற்கெனவே இருக்கிறது. விலையில்லாமல் கையில் இருக்கும் ஒன்றை மலிவு விலைக்கு அவர் வாங்க மாட்டார்.

ஆனால் அவருடைய திட்டத்தில் உயிருள்ள ஒரு பகுதியும் இருந்தது. 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமான பின், அதைப் பற்றியே விடுதிகளுக்கு நாள் முழுவதும் அழைப்புகள் வருகின்றன. பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணிக்கு மூடப்படுவதால், மைசூர்ப் பக்கமிருந்து வருவோர் மாலையில் பதற்றத்தோடு அழைப்பார்கள். உரிமையாளர் அந்நேரம் சிக்னல் இல்லாத பள்ளத்தில் இருந்தால் அந்த வாடிக்கையாளர் வேறு விடுதிக்குப் போய்விடுகிறார். ஒரே எண்ணுக்கு வரும் அழைப்பு மூன்று பேரின் கைபேசியில் அடுத்தடுத்து ஒலிப்பது, எவரும் எடுக்காவிட்டால் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பதிவுக்குரல் பதில் சொல்வது, தவறிய அழைப்புகளின் பட்டியல் இரவில் கைக்கு வருவது ஆகியவற்றுக்கு மாதந்தோறும் பணம் கொடுக்க விடுதிக்காரர்கள் தயங்க மாட்டார்கள். ஒரு முன்பதிவைக் காப்பாற்றினாலே மாதக் கட்டணம் தேறிவிடும். அங்கே விற்கப்படுவது எண்ணும் ஏற்பாடும் மழையில் இணைப்பு அறுந்தால் வந்து சரிசெய்யும் ஆளும். நிமிடம் இலவசமாகப் பின்னால் வருகிறது. இந்த ஏற்பாட்டின் விலையை எதிர்முனை நிறுவனம் ஏற்றி இறக்க முடியாது என்பதே இதன் பெரிய பலம்.

எனவே வரம்பற்ற மலிவு அழைப்பின் முகவாண்மையை அவர் ஏற்க வேண்டாம் என்றும், உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனம் ஒன்றின் வணிக எண் சேவைக்கு உள்ளூர் முகவராகலாம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவையும் அதில் உண்டு. வாடிக்கையாளரின் பணம் முகவர் கைவழியே போகாமல் நிறுவனத்திற்கு மாதந்தோறும் நேரடியாகச் செல்ல வேண்டும். முகவருக்குக் கழிவு மட்டும் வர வேண்டும். ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே வாங்கித் தரும்படி நிறுவனம் வற்புறுத்தினால் விலகிக்கொள்ள வேண்டும். எண் விடுதியின் பெயரில் பதிவாக வேண்டும். முகவர் மாறினாலும் எண் மாறக் கூடாது. இணையத் தொலைபேசியில் அவசர அழைப்பு வசதியை டிராய் ஊக்கப்படுத்தியதே தவிரக் கட்டாயமாக்கவில்லை என்பதால், 112க்கு அந்த இணைப்பிலிருந்து அழைப்பு போகுமா, போனால் இடம் தெரியுமா என்பதை விற்கும் முன்பே சோதித்து, போகாது என்றால் அதை விடுதிக்காரரிடம் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். மண்சரிவு நேரக்கூடிய ஊர்களில் இதை மறைத்து விற்பதை நான் ஏற்கமாட்டேன். முதலில் மசினகுடியில் நான்கைந்து விடுதிகளோடு தொடங்கி, ஒரு தென்மேற்குப் பருவமழையைக் கடந்த பின் அவற்றுள் எத்தனை தாமாகப் புதுப்பிக்கின்றன என்பதைப் பார்த்தே உதகைக்கு விரிவாக்குவது என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.